திருமணம் என்ற சொல்லைக் கேட்டவர்கள்

ஒரே பாலினத்தவர் மணம் செய்துகொள்ள வழிவகுத்து, தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 அன்று நடைமுறைக்கு வந்த திருமணச் சமத்துவச் சட்டத்தைப் பற்றிச் சென்ற இதழில் வாசகர் ஒருவருக்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாராட்டியவை சில, திட்டியவை சில, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவை பல. திட்டிய கடிதங்களிலும் கேள்வி என்று ஒன்று இருந்தால் அதை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களில் பலர் கேட்டுக்கொண்டபடி இம்முறை யாருடைய பெயரும் ஊரும் இல்லை.

கேள்வி: ஐயா, தன்பாலினத் திருமணம் என்பதே கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கிளம்பிய ஒரு நாகரிகம்தானே? இதற்கு ஒரு போராட்ட வரலாறு இருப்பதாக எழுதுவது மிகையாகத் தோன்றவில்லையா?

பதில்: தோன்றவில்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜாக் பேக்கர், மைக்கேல் மக்கானெல் என்ற இருவர் திருமண உரிமம் கேட்டு அரசு அலுவலகத்துக்குச் சென்றது 1970ஆம் ஆண்டில். உரிமம் மறுக்கப்பட்டது. மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றம் 1971இல் அவர்கள் வழக்கைத் தள்ளுபடி செய்தது. நாட்டின் உச்ச நீதிமன்றமோ 1972இல், இதில் ஆராய்வதற்குரிய கூட்டாட்சிச் சட்டப் பிரச்சினை எதுவும் இல்லை என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டது. அந்த ஒற்றை வரியை நீக்க நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. இடையில் அவர்கள் வேறொரு மாவட்டத்தில் உரிமம் பெற்று 1971இலேயே மணம் செய்துகொண்டிருந்தார்கள். அந்தத் திருமணம் செல்லும் என்று ஒரு நீதிபதி 2018இல் தீர்ப்பளித்தபோது இருவரும் முதியவர்களாகியிருந்தனர்.

தைவானில் சீ சியா வெய் என்பவர் தம் துணைவரோடு திருமணப் பதிவுக்கு முதன்முதலில் விண்ணப்பித்தது 1986இல், அந்த நாட்டில் இராணுவச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில். அவருக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது 2017இல். இவற்றையெல்லாம் நாகரிகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உலகில் முதன்முதலாக நெதர்லாந்தில் இத்தகைய திருமணங்கள் சட்டப்படி நடந்தது 2001 ஏப்ரல் 1ஆம் தேதி நள்ளிரவில். ஆம்ஸ்டர்டாம் மேயர் யோப் கோஹென் நான்கு இணையருக்கு மணம் செய்துவைத்தார். நமக்குச் செய்தி வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான் என்பதால் கதையும் அன்றைக்கே தொடங்கியது போலத் தெரிகிறது.

கேள்வி: நீங்கள் ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்று எழுதாமல் ‘தன்பாலீர்ப்பாளர்’ என்று எழுதுவது ஏன்?

பதில்: முதல் சொல் ஒரு மனிதரை ஒரு செயலாகச் சுருக்கிவிடுகிறது. ஆணும் பெண்ணும் மணம் புரிவதைப் பற்றி எழுதும்போது நாம் ‘சேர்க்கை’ என்று எழுதுவதில்லை. காதல், இல்லறம், துணை என்றுதான் எழுதுகிறோம். அந்த மரியாதையை இவர்களுக்கும் தருகிறேன்.

கேள்வி: சொத்து, ஓய்வூதியம், மருத்துவமனையில் உடனிருக்கும் உரிமை ஆகியவைதான் தேவை என்றால், அவற்றை வேறொரு பெயரில் தனிச் சட்டமாகத் தந்துவிடலாமே? ‘திருமணம்’ என்ற சொல்லையே வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பதால்தான் எதிர்ப்பு வருகிறது என்பது என் கருத்து.

பதில்: உங்கள் கருத்தைக் கொண்டவர்கள் இந்த இயக்கத்துக்கு உள்ளேயே நெடுங்காலம் இருந்தார்கள். டென்மார்க் 1989இல் அப்படித்தான் தொடங்கியது. ‘பதிவு பெற்ற துணைவர்’ என்ற ஏற்பாட்டை உலகிலேயே முதலில் சட்டமாக்கிய நாடு அது. பிறகு பல நாடுகள் அந்தப் படியில் ஏறி நின்றன. படி என்ற அளவில் அது பயன்பட்டது என்பதை மறுக்க மாட்டேன். அண்டை வீட்டில் அப்படி ஓர் இணை பத்து ஆண்டுகள் வாழ்ந்து, வானம் இடிந்து விழவில்லை என்பதைப் பார்த்த ஊர்தான் அடுத்த படிக்கு எளிதாக இசைந்தது.

ஆனால் படியிலேயே குடியிருக்கச் சொல்வது வேறு. அர்ஜென்டினாவில் 2010இல் திருமணச் சட்டத் திருத்தம் செனட் சபைக்கு வந்தபோது, நீங்கள் சொல்வது போன்ற ஒரு மாற்று ஏற்பாடு அங்கும் முன்வைக்கப்பட்டது. மரியா ராச்சித் போன்றவர்கள் முன்னின்று நடத்திய இயக்கம் அதை ஏற்கவில்லை. ‘அதே உரிமைகள், அதே பெயர்களோடு’ என்பது அவர்கள் முழக்கம். ஜூலை 15ஆம் தேதி விடியற்காலையில் 33க்கு 27 என்ற வாக்கில் சட்டம் நிறைவேறியது. அந்த முழக்கத்தின் இரண்டாம் பாதியில்தான் முழுக் கோரிக்கையும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் வைக்கும்போது, ஒரு பெயர் மற்றதைவிடத் தாழ்ந்தது என்று யாரும் எழுதிவைக்க வேண்டியதில்லை. அது தானாகவே விளங்கிவிடும்.

சொல்லில் என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஜிம் ஓபர்கெஃபெல், ஜான் ஆர்தர் ஆகிய இருவரும் இருபது ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள். ஆர்தருக்குத் தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய். ஓஹையோவில் மணம் செய்ய இயலாது என்பதால், 2013 ஜூலையில் மருத்துவ வசதி கொண்ட ஒரு சிறு விமானத்தில் மேரிலாந்துக்குப் பறந்து, விமான நிலையத்தின் ஓடுதளத்தில் விமானத்துக்குள்ளேயே, படுத்திருந்தவரின் கையைப் பற்றி மணம் செய்துகொண்டு, உடனே திரும்பிவிட்டார்கள். நோயாளி இறக்கும் நிலையில் இருந்தார். அவருடைய சொத்தும் சேமிப்பும் அந்த வழக்கின் பொருளாக இருக்கவில்லை. ஆர்தர் இறந்த பிறகு அவருடைய இறப்புச் சான்றிதழில் ‘மணத்துணை’ என்ற இடத்தில் தம் பெயர் இருக்க வேண்டும் என்பது மட்டுமே ஓபர்கெஃபெலின் கோரிக்கை. மாநில அரசு அதை எதிர்த்தது. அந்த ஒரு கட்டத்துக்காகத் தொடங்கிய வழக்கு பிற மாநிலங்களின் வழக்குகளோடு சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2015 ஜூன் 26 அன்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், நாடு முழுவதும் திருமண உரிமையாக முடிந்தது.

பணத்துக்கும் சொல்லுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. எடித் விண்ட்சர் என்ற மூதாட்டி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உடன் வாழ்ந்த தியா ஸ்பையரை 2007இல் கனடாவில் மணந்துகொண்டவர். ஸ்பையர் 2009இல் இறந்தபோது, கணவன் மனைவியாக இருந்திருந்தால் கட்ட வேண்டியிராத வாரிசுச் சொத்து வரியாக 3,63,053 டாலரைக் கூட்டரசு அவரிடமிருந்து வாங்கியது. நீதிமன்றம் 2013இல் அதைத் தவறென்றது. இரண்டு பேர் ஒருவருக்கொருவர் யார் என்ற கேள்விக்கு அரசு தரும் விடையே எல்லா உரிமைக்கும் வேர். வேரை விட்டுக் கிளைகளை மட்டும் ஒட்டவைக்கும் சட்டங்களில் எங்காவது ஒரு கிளை விடுபட்டே போகிறது.

கேள்வி: நீதிமன்றம், நாடாளுமன்றம், மக்கள் வாக்கெடுப்பு என்று மூன்று வழிகளைச் சொல்கிறார்கள். எது சிறந்தது?

பதில்: நாட்டின் அரசியலமைப்பு எந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறதோ அதுவே சிறந்தது என்று மழுப்பலாகப் பதில் சொல்லலாம். ஆனால் மூன்றின் தழும்புகளையும் பார்த்தால் சற்று அதிகமாகவே சொல்ல முடிகிறது.

நீதிமன்றம் மட்டும் போதும் என்று நம்பியவர்களுக்கு ஹவாய் மாநிலம் ஒரு பாடம். அங்குள்ள உச்ச நீதிமன்றம் 1993இல் இவர்களுக்குச் சாதகமாகச் சாய்ந்தது. பொதுமக்களிடையே அதற்கான தயாரிப்பு ஏதும் இல்லை. எதிர்ப்பு நாடு முழுவதும் எழுந்து, 1996இல் நாடாளுமன்றமே தன்பாலினத் திருமணத்தைக் கூட்டரசு ஏற்காது என்று சட்டம் இயற்றியது. 1998இல் ஹவாய் மக்கள் தங்கள் அரசியலமைப்பையே திருத்த வாக்களித்தார்கள். தென்னாப்பிரிக்காவில் கதை வேறு. பாலீர்ப்பின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்ற வரி அந்நாட்டின் அரசியலமைப்பிலேயே இருந்ததால், நீதிமன்றம் 2005 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு ஓராண்டு கெடு விதித்தது. 2006 நவம்பர் 30 அன்று சட்டம் வந்துவிட்டது. இந்தியாவின் உச்ச நீதிமன்றமோ 2023 அக்டோபரில், திருமணம் அடிப்படை உரிமையாகாது என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துக் கூறி, விஷயத்தைச் சட்டமன்றங்களிடம் விட்டுவிட்டது.

தைவானின் அனுபவம் இவை எல்லாவற்றையும்விட விநோதமானது. 2017 மே 24 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம், இரண்டு ஆண்டுக்குள் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று 748ஆம் எண்ணுள்ள விளக்கவுரையில் ஆணையிட்டது. மறுஆண்டு நவம்பரில் நடந்த பொது வாக்கெடுப்பில் எதிர்ப்பாளர்கள் பெரும் வெற்றி பெற்றார்கள். நீதிமன்ற ஆணையை வாக்கெடுப்பு ரத்து செய்ய இயலாது. வாக்கெடுப்பை அரசும் புறக்கணிக்க இயலாது. கடைசியில், குடிமைச் சட்டத்தைத் தொடாமல் தனிச் சட்டம் ஒன்றை எழுதி, எந்தத் தரப்பும் ஏற்கும் பெயர் கிடைக்காததால் அதற்கு ‘748ஆம் எண் விளக்கவுரையை நடைமுறைப்படுத்தும் சட்டம்’ என்று பெயரிட்டார்கள். தலைப்பில் திருமணம் என்ற சொல் இல்லை. ஆனால் உள்ளே, திருமணப் பதிவு செய்துகொள்ளலாம் என்ற பிரிவு இருக்கிறது. 2019 மே 24 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு சட்டத்தின் பெயர்ப் பலகையில் வெறும் எண்ணைப் பார்த்துச் சிரிக்கலாம்தான். எனினும் அரசியல் சாமர்த்தியம் என்றால் என்ன என்று கேட்பவருக்கு நான் அதைத்தான் காட்டுவேன்.

மக்கள் வாக்கெடுப்பைப் பொறுத்தவரை என் தயக்கத்தை மறைக்கப்போவதில்லை. சிறுபான்மையினர் ஒருவரின் உரிமையைப் பெரும்பான்மையினரின் வாக்குக்கு விடுவது முறையல்ல. ஆஸ்திரேலியாவில் 2017இல் அஞ்சல் வழியாகக் கருத்துக் கேட்டபோது, இயக்கத்தினர் முதலில் அதை நிறுத்தக் கோரி உயர் நீதிமன்றம் வரை போனார்கள். தோற்றதும் ஆதரவுப் பிரச்சாரத்தில் இறங்கினார்கள், 79.5 சதவீதத்தினர் பதில் அனுப்பியதில் 61.6 சதவீதத்தினர் ‘ஆம்’ என்றனர். வெற்றிதான். ஆனால் அந்த வாரங்களில் தாம் மனிதர்தாமா என்று நாடே விவாதிப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பிள்ளையின் இரவுகள் எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. கொள்கையாக எதிர்ப்பதும், தவிர்க்க இயலாதபோது முழு மூச்சாக இறங்குவதும் முரண் அல்ல என்பதற்கு அவர்கள் சான்று.

கேள்வி: எதிராக இருந்த மக்கள் மனம் மாறியது எப்படி? ஊர்வலங்களாலா, விளம்பரங்களாலா, அல்லது தலைமுறை மாறியதாலா?

பதில்: வந்த கேள்விகளில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். தலைமுறை மாற்றம் ஒரு பகுதி உண்மை. ஆனால் மூன்றே ஆண்டுகளில் ஓர் ஊரின் தலைமுறை மாறிவிடாது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் 2009இல் தோற்ற அதே கேள்வி 2012இல் அதே மக்களிடம் வென்றது. இடையில் மாறியது பிரச்சாரம்.

முதலில் தோல்வியைச் சொல்ல வேண்டும். 2008 நவம்பரில் கலிபோர்னியாவில், அதற்குச் சில மாதங்கள் முன்புதான் கிடைத்திருந்த திருமண உரிமையை 52 சதவீத வாக்காளர்கள் பறித்தார்கள். அதுவரை 30க்கும் அதிகமான மாநில வாக்கெடுப்புகள் நடந்து, ஏறக்குறைய எல்லாவற்றிலும் இயக்கம் தோற்றிருந்தது. தோற்ற பிரச்சாரங்களுக்கு ஒரு பொதுத்தன்மை இருந்தது. அவை சமத்துவம், பாகுபாடு, சலுகைகள், உரிமைகள் என்று பேசின. தன்பாலின இணையரைத் திரையில் காட்டவே அஞ்சின. எதிர்த் தரப்போ குழந்தைகளைக் காட்டி, பள்ளிகளில் என்ன கற்பிக்கப்படுமோ என்ற அச்சத்தை எழுப்பியது.

அதன் பிறகு ஈவான் வுல்ஃப்சன் தலைமையிலான ‘ஃப்ரீடம் டு மேரி’ என்ற அமைப்பும் அதன் தோழமை அமைப்புகளும் நிதானமாக உட்கார்ந்து வாக்காளர்களை ஆராய்ந்தன. உறுதியான ஆதரவாளரும் உறுதியான எதிர்ப்பாளரும் நீங்கலாக, நடுவில் குழம்பி நிற்கும் பெருங்கூட்டத்தின் மேல் அவர்கள் கவனம் வைத்தார்கள். அவர்களிடம் இரண்டு கேள்விகள். உங்களைப் போன்றவர்கள் ஏன் திருமணம் செய்துகொள்கிறார்கள்? அன்பு, வாழ்நாள் உறுதி என்று விடை வந்தது. தன்பாலீர்ப்பாளர்கள் ஏன் திருமணம் கேட்கிறார்கள்? உரிமைக்காக, சலுகைக்காக என்றோ, தெரியாது என்றோ பலர் சொன்னார்கள். பல ஆண்டுகளாகச் சலுகைப் பட்டியலை வாசித்தே, நாங்கள் உங்களைப் போல் அல்ல, எங்கள் காரணம் வேறு என்று இயக்கம் தன் வாயாலேயே மக்களுக்குக் கற்பித்திருந்தது. இதைக் கண்டுபிடித்தவர்களின் முகம் அன்று எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

பின்னர் வந்த விளம்பரங்களில் வயதான பெற்றோர், போர்வீரர், மத குருமார் ஆகியோர் தத்தம் குடும்பத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் இப்படி நினைத்திருந்தேன், பிறகு என் மகளைப் பார்த்து மாறினேன் என்று ஒருவர் சொல்லும்போது, கேட்பவர் தாமும் மாறலாம், அதில் அவமானம் இல்லை என்பதைக் கற்றுக்கொள்கிறார். எதிர்ப்பவரை மூடர் என்றோ வெறுப்பாளர் என்றோ அழைத்த பிரச்சாரம் இந்தக் கதவைத்தான் சாத்தி வைத்திருந்தது.

வீடு வீடாகச் சென்று பேசும் முறையும் மாறியது. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள ஒரு சமூக மையத்தின் தொண்டர்கள், கலிபோர்னியாவில் தோற்ற பிறகு, தங்களுக்கு எதிராக வாக்களித்த பகுதிகளுக்கே சென்று, ஏன் அப்படி வாக்களித்தீர்கள் என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காதுகொடுத்தார்கள். தங்கள் வாழ்க்கையைச் சொன்னார்கள். கேட்பவரின் வாழ்க்கையையும் சொல்லச் சொன்னார்கள். இதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்த உரையாடல் முறையின் வெற்றியை நிறுவியதாக ‘சயின்ஸ்’ இதழில் 2014இல் வந்த ஓர் ஆய்வு, அதன் தரவுகளை நம்ப இயலாது என்று தெரியவந்ததால் 2015இல் திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பிழையை அம்பலப்படுத்தியவர்களில் டேவிட் புரூக்மேன், ஜோஷுவா காலா என்ற இருவரே மயாமியில் தாங்களாக ஓர் ஆய்வை நடத்தி, 2016இல் வெளியிட்டார்கள். அது திருமணத்தைப் பற்றியதன்று. திருநர் மீதான வெறுப்பைப் பற்றியது. வாசலில் நின்று பத்து நிமிடம் முறையாகப் பேசினால் அந்த வெறுப்பு குறைகிறது, மூன்று மாதம் கழித்தும் அந்த மாற்றம் நிற்கிறது என்பது அதன் முடிவு. ஒரு பொய் ஆய்வைப் பிடித்தவர்களே அதன் அடிப்படைக் கருத்தில் உண்மை இருப்பதைக் காட்டியது எனக்குப் பிடித்த முரண்களில் ஒன்று.

அயர்லாந்தில் இந்தப் பேச்சு ஒரு நாடு முழுவதும் நடந்தது. 1993 வரை ஆண்களிடையேயான உறவு அங்கே குற்றம். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2015 மே 22 அன்று, 62 சதவீத மக்கள் திருமணச் சமத்துவத்துக்கு வாக்களித்தார்கள். அதற்கு முன்பே 2013இல், 66 சாதாரணக் குடிமக்களும் 33 அரசியல்வாதிகளும் ஒரு தலைவரும் கொண்ட அரசியலமைப்புப் பேரவை இந்தக் கேள்வியை வார இறுதியில் அமர்ந்து விவாதித்து, பெரும்பான்மையாக ஆதரித்திருந்தது. பிரச்சார நாட்களில் பல்கலைக்கழக மாணவர்கள் ‘பாட்டிக்குத் தொலைபேசுங்கள்’ என்று ஓர் இயக்கமே நடத்தினார்கள். வாக்களிப்பதற்காக வெளிநாடுகளிலிருந்து இளைஞர்கள் விமானத்திலும் கப்பலிலும் ஊர் திரும்பினார்கள். முன்னாள் குடியரசுத் தலைவர் மேரி மெக்கலீஸ், தம் மகன் தன்பாலீர்ப்பாளர் என்பதை வைத்து ஒரு தாயாகப் பேசினார். பாட்டிக்கு வந்த அழைப்பும் தாயின் பேச்சும் செய்ததை எந்தச் சுவரொட்டியும் செய்திருக்காது.

கேள்வி: மதத் தலங்களில் இத்தகைய திருமணங்களை நடத்திவைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவார்கள் அல்லவா?

பதில்: இயக்கம் கேட்பது அரசின் பதிவேட்டில் இடம். இங்கிலாந்து, வேல்ஸின் 2013ஆம் ஆண்டுச் சட்டம், எந்த மத அமைப்பையும் எந்தக் குருவையும் கட்டாயப்படுத்த இயலாது என்று தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது. டென்மார்க்கில் அரசுத் திருச்சபையே 2012இல் கதவைத் திறந்தபோதும், விருப்பமில்லாத குரு தாம் நடத்தாமல் விலகிக்கொள்ளலாம் என்று விதி செய்தார்கள்.

கேள்வி: தன்பாலீர்ப்பாளர்கள் எல்லாரும் திருமணத்தை விரும்புகிறார்களா? வென்ற நாடுகளில் போராட்டம் முடிந்துவிட்டதா?

பதில்: இரண்டுக்கும் ‘இல்லை’. 1989இல் அமெரிக்காவில் ஒரே சட்ட உதவி அமைப்பின் தலைமைப் பொறுப்பில் இருந்த டாம் ஸ்டாடர்டும் பாலா எட்டல்பிரிக்கும் இதில் எதிரெதிராக வாதிட்டார்கள். திருமணமே விடுதலைக்கான வழி என்றார் ஒருவர். பெண்களை நெடுங்காலம் கட்டிப்போட்ட அந்த அமைப்புக்குள் நுழைவதா, மணம் செய்யாதவர்களின் உறவுகள் மேலும் மதிப்பிழந்து போகாதா என்றார் மற்றவர். எட்டல்பிரிக்கின் கவலை நியாயமானது என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் ஒரு வாசலைப் புறக்கணிக்கும் உரிமை, அது திறந்திருப்பவர்களுக்கு மட்டுமே உண்டு.

வென்ற பிறகு என்ன ஆகும் என்பதற்கு பெர்முடா ஓர் உதாரணம்: நீதிமன்றம் 2017இல் தந்ததைச் சட்டமன்றம் 2018இல் பறித்தது, நெடிய வழக்குக்குப் பின் 2022இல் இறுதி மேல்முறையீட்டிலும் இயக்கம் தோற்றது. அமெரிக்காவிலேயே, 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு என்றாவது கவிழ்க்கப்படலாம் என்ற அச்சத்தில் 2022 டிசம்பரில் ஒரு தற்காப்புச் சட்டம் இயற்றினார்கள். தாய்லாந்துச் சட்டம் கணவன், மனைவி என்ற சொற்களை ‘மணத்துணைவர்’ என்று மாற்றியது. தந்தை, தாய் என்ற சொற்களை மாற்றவில்லை. குழந்தை வளர்ப்போர் அதற்காக இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: என் தம்பி தன்பாலீர்ப்பாளன். வீட்டில் எனக்கு மட்டுமே தெரியும். இந்த உரிமைக்காக நானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிக்கிறது. பெற்றோரிடமிருந்து தொடங்கலாமா?

பதில்: அம்மா, முதலில் தம்பியிடமிருந்து தொடங்குங்கள். அவர் உங்களிடம் சொன்னதை வேறொருவரிடம் சொல்லும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு. உங்கள் நல்லெண்ணம் அதை உங்களுக்கு மாற்றித் தந்துவிடாது. உனக்காக நான் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று கேளுங்கள். ‘இப்போது எதுவும் வேண்டாம்’ என்பதும் ஒரு விடை.

அவர் பெயரை எடுக்காமலே நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தொலைக்காட்சியில் இவர்களைக் கேலி செய்யும் காட்சி வரும்போது வீட்டில் எல்லாரும் சிரித்தால், நீங்கள் சிரிக்காமல் இருங்கள். ஏன் என்று கேட்டால் சண்டைக்குப் போகாமல் சொல்லுங்கள். செய்தி ஏதேனும் வந்தால், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் அப்பா என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். அவர் எதற்கு அஞ்சுகிறார் என்பது அப்போதுதான் தெரியும். ஊர் என்ன சொல்லும் என்பதா, பிள்ளை தனிமையில் முதுமையடைவான் என்பதா, மத நம்பிக்கையா என்று. ஒவ்வொன்றுக்கும் மறுமொழி வேறு. ஒரே மாலையில் முடிகிற பேச்சு அன்று இது. உங்கள் தந்தை ஒருநாள் கடுமையாகப் பேசி, மறுவாரம் தாமாகவே அந்தப் பேச்சை மீண்டும் எடுத்தால், அதை நல்ல அறிகுறியாகக் கொள்ளுங்கள்.

தம்பி எப்போதாவது தாமே அவர்களிடம் சொல்ல முடிவெடுத்தால், அன்று அவர் விரும்பினால் அருகில் இருங்கள். அதன் பிறகு பெற்றோருக்கும் பேச ஒருவர் வேண்டியிருக்கும். பல வீடுகளில் அந்த இடம் காலியாகவே இருந்துவிடுகிறது. அடுத்த கடிதத்தில் தம்பிக்கு என் வணக்கத்தைச் சொன்னீர்களா என்று எழுதுங்கள்.